கோவேறு கழுதைகள் நடந்த பாதை

1828 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். அன்று அந்த நாட்டில் இரண்டு பூமி பூஜைகள் நடந்தன. வாஷிங்டனுக்குச் சற்று மேலே, பொட்டோமாக் ஆற்றங்கரையில், அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஒரு கால்வாய்க்காக முதல் மண் எடுத்தார். மண்வெட்டி வேரில் மோதி இறங்க மறுத்தது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் ஓங்கி வெட்டினார், கூட்டம் ஆரவாரித்தது. அதே நாளில் பால்டிமோரில் ஒரு ரயில்பாதைக்கு முதல் கல் நடப்பட்டது. நட்டவர் சார்ல்ஸ் கேரல். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அன்று உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான், வயது 90.

இரண்டுக்கும் இலக்கு ஒன்றே. அலெகேனி மலைகளைக் கடந்து, ஓஹையோ ஆற்றுப் பக்கத்தின் வணிகத்தைக் கிழக்குக் கடற்கரைக்குக் கொண்டுவர வேண்டும். பால்டிமோர் அண்ட் ஓஹையோ ரயில் 1842-இல் மலையடிவாரத்துக் கம்பர்லாண்ட் ஊரைத் தொட்டது. செசபீக் அண்ட் ஓஹையோ கால்வாய் அதே ஊருக்கு 1850-இல்தான் வந்து சேர்ந்தது. எட்டு வருடம் பின்தங்கி, கடனில் மூழ்கி வந்தது. மலையேறும் பேச்சு அதோடு முடிந்தது. பெயரில் மட்டும் ஓஹையோ தங்கிவிட்டது.

பிந்தி வந்த அந்தக் கால்வாயின் கரையில்தான் நானும் என் மகளும் சைக்கிள் ஓட்டினோம். பிட்ஸ்பர்கிலிருந்து வாஷிங்டனுக்குக் காரில் போகும் பயணம் அது. செப்டம்பர் மாதம். சைக்கிள்களைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். என் மனைவிக்குக் கார் ஓட்டுவதில் சலிப்பே வராது. காலையில் எங்களை ஓர் ஊரில் இறக்கிவிட்டுவிட்டு, தன் பட்டியலில் இருக்கும் கோட்டைகளையும் போர்க்களங்களையும் பார்த்துவிட்டு, மாலையில் கீழேயுள்ள வேறோர் ஊரில் வந்து ஏற்றிக்கொள்வாள். முழுப் பாதையையும் ஓட்ட எங்களுக்கு அவகாசம் இல்லை. நல்ல இடங்களில் சைக்கிள், மற்ற இடங்களில் கார்.

கம்பர்லாண்டிலிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை கால்வாயின் நீளம் 184.5 மைல், கிட்டத்தட்ட 297 கிலோமீட்டர். மேரிலாந்து மாநிலத்தின் ஓரத்தில், பொட்டோமாக் ஆற்றின் இடது கரையை ஒட்டியே போகிறது. கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு மண்பாதை. நூறு வருடங்களுக்கு முன்வரை கோவேறு கழுதைகள் கயிறு கட்டிப் படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதை அது. இன்று அதில் கார் கிடையாது, பைக் கிடையாது. பெரும்பாலும் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான். கம்பர்லாண்டிலேயே இன்னொரு சைக்கிள் பாதை தொடங்கி, 150 மைல் மலை கடந்து பிட்ஸ்பர்குக்குப் போகிறது. கிரேட் அலெகேனி பாசேஜ் என்று பெயர். பழைய ரயில் தடங்களின் மேல் போட்ட பாதை, 2013-இல் முழுமையடைந்தது. இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறவர்கள் பெரிய பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு கம்பர்லாண்ட் ரயில் நிலையத்தில் நிற்பார்கள். முகத்தில் வெயிலும் முதுகில் சேறும் இருக்கும்.

கம்பர்லாண்டைத் தாண்டியதும் ஊர் ஓசை அடங்கிவிடுகிறது. வலது பக்கம் மரங்களுக்கிடையே ஆறு. இடது பக்கம் கால்வாய் என்ற பெயரில் ஒரு நீண்ட பள்ளம். சில இடங்களில் தண்ணீர் நிற்கிறது, பாசி படர்ந்து பச்சையாக. விழுந்து கிடக்கும் கட்டைகளின் மேல் ஆமைகள் வரிசையாக வெயில் காய்கின்றன. சைக்கிள் சத்தம் கேட்டதும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் நழுவுகின்றன. சில இடங்களில் கால்வாய்க்குள்ளேயே பெரிய மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. தொண்ணூறு அடி நீளப் படகு மிதந்த இடம் அது என்று சொன்னால்தான் தெரியும்.

வழியில் வரும் முதல் லாக் முன்னால் இறங்கிவிட்டோம். பக்கிங்காம் கால்வாயிலும் லாக்குகள் இருந்தன. ஆனால் ஒரு லாக்கின் உடம்பை இவ்வளவு நெருங்கிப் பார்த்தது எனக்கு இங்கேதான். நூறு அடி நீளம், பதினைந்து அடி அகலத்தில் இரண்டு கற்சுவர்கள். இரு முனையிலும் மரக்கதவுகள். மேலிருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் மேல்கதவைச் சாத்துவார்கள். கீழ்க்கதவின் அடியிலுள்ள சிறு அடைப்புகளை இரும்புச் சாவியால் திருப்பித் திறந்தால் தண்ணீர் வடியும். படகும் கூடவே இறங்கும். உள்ளே வெளியே மட்டம் ஒன்றானதும் கதவைத் தள்ளித் திறந்தால் படகு தன் வழியே போகும். இப்படி ஒவ்வொரு லாக்கிலும் சுமார் எட்டு அடி. தண்ணீரால் கட்டிய படிக்கட்டு. மொத்தம் 74 லாக்குகள், 605 அடி உயர வித்தியாசம். எஞ்சின் எதுவும் இல்லை. ஆற்று நீரும் மனிதர் தோளும்தான்.

சுவரின் மேல்விளிம்பில் மகள் கைவைத்துக் காட்டினாள். "அப்பா, இங்க பாருங்க, கல்லு தேஞ்சிருக்கு." விரல் பருமனுக்கு வழவழப்பான பள்ளங்கள், சாய்வாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்று. கயிறு அறுத்த தடம். மணலும் ஈரமும் ஏறிய இழுவைக் கயிறு அதே விளிம்பில் வருடக்கணக்காக உரசி உரசிக் கல்லையே தின்றிருக்கிறது. சற்றுத் தள்ளி ஒரு கல்லின் முகத்தில் உளியால் கீறிய சிறு அடையாளம்; கல் தச்சர் ஒருவரின் குறி. பெயர் எழுதி வைக்கும் நிலையில் இல்லாத மனிதர் விட்டுப்போன கையொப்பம் அது. அந்தச் சுவர் ஓரத்தில் நான் நெடுநேரம் நின்றேன்.

பக்கத்திலேயே லாக் காவலரின் வீடு. இரவோ பகலோ படகு வரும்போது கொம்பு ஊதுவார்கள். எழுந்து வந்து கதவைத் திறக்க வேண்டும். குடும்பஸ்தர்களையே கால்வாய்க் கம்பெனி விரும்பி நியமித்தது. சம்பளத்தோடு வீடும் தோட்டம் போட நிலமும் கொடுத்தார்கள். ஒருவருக்குச் சம்பளம், வேலையோ வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும். படகில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான். ஒரு படகு நூற்றுப் பத்து டன்னுக்கு மேல் நிலக்கரி ஏற்றும். பின்புறத்தில் சிறு அறை, அதுதான் குடும்பத்துக்கு வீடு. முன்புறத்தில் கழுதைக் கொட்டடி. ஒரு ஜோடி இழுக்கும்போது மற்றொரு ஜோடி படகிலேயே ஓய்வெடுக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று. கழுதையோடு நடப்பது பெரும்பாலும் பிள்ளைகளின் வேலை. தவழும் குழந்தை தண்ணீரில் விழுந்துவிடக் கூடாதென்று இடுப்பில் கயிறு கட்டிப் படகுத்தளத்தில் பிணைத்து வைத்திருப்பார்கள். கம்பர்லாண்டிலிருந்து ஜார்ஜ்டவுன் போய்ச்சேர ஏறக்குறைய ஒரு வாரம். 1870-களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படகுகள் இப்படி ஓடின. 1875-இல் மட்டும் பத்து லட்சம் டன்னுக்குச் சற்றே குறைவான சரக்கு போனது.

மறுநாள் காலை பா பா சுரங்கத்துக்குப் போனோம்.

அந்த இடத்தில் பொட்டோமாக் பாம்புபோல வளைந்து வளைந்து போகிறது. ஆற்றின் கூடவே கால்வாய் வெட்டினால் ஆறு மைல் சுற்று. அதிலும் பாறைச் சரிவுகள். அதனால் மலையைக் குடைந்துவிடலாம் என்று பொறியாளர்கள் முடிவெடுத்தார்கள். 1836-இல் தொடங்கிய வேலை முடிந்தபோது 1850. நடுவில் பணமில்லாமல் பல வருடங்கள் நின்றே போயிருந்தது. ஒப்பந்தம் எடுத்தவர் லீ மாண்ட்கோமரி என்ற மெதடிஸ்ட் போதகர். 33,500 டாலரில் முடியும் என்று போட்ட கணக்கு 6 லட்சம் டாலரைத் தாண்டியது. நீளம் 3,118 அடி. உட்சுவருக்கு மட்டும் அறுபது லட்சம் செங்கற்கள் போனதாகச் சொல்கிறார்கள்.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அரை மைல் ஓட்டினால் சுரங்கத்தின் வாய். செதுக்கிய கல் வளைவு, அதன் உள்ளே இருட்டு. சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பாதை குறுகல், மேடுபள்ளம், ஆங்காங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது. வெளியே வியர்த்த உடம்பில் உள்ளேயிருந்து வந்த குளிர் காற்று பட்டதும் மகள் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் செங்கல் செங்கலாகச் சுவர் தெரிகிறது. இடுக்குகளில் நீர் கசிந்து வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. எங்கோ சொட்டும் நீர் சுரங்கம் முழுக்கக் கேட்கிறது. ஒரு பக்கம் கீழே கறுப்பாகக் கால்வாய்த் தண்ணீர். அதன் ஓரமாக மரக் கைப்பிடி. கைப்பிடியில் விரலை ஓட்டிக்கொண்டே போனால் திடீரென்று விரல் உள்ளே இறங்குகிறது. இங்கேயும் கயிறு தின்ற பள்ளங்கள். இருட்டில் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் அறிவது ஆழமாக இறங்குகிறது.

விளக்குகளை அணைத்துவிட்டு நின்றோம். இரண்டு முனையிலும் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெளிச்சம். நடுவில் எதுவுமே இல்லை. இந்த இருட்டில்தான் கறுப்பு வெடிமருந்தை அடைத்து வெடித்து, கடப்பாரையாலும் கூடையாலும் பாறையை வெளியே எடுத்தார்கள். அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள், வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள், இங்கிலாந்துக் கொத்தர்கள், ஜெர்மானியர்கள். கூலி மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது. வேலைநிறுத்தம் நடந்தது, ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டம் அடித்தது, குடிசைகள் எரிந்தன. சண்டையை இனப்பகை என்று எழுதி முடித்துவிடுவது சுலபம். வந்து இறங்கிய ஊரில் கூலி கிடைக்காமல், இருக்கும் கொஞ்ச வேலையும் பக்கத்துக் கூட்டத்துக்குப் போய்விடுமோ என்று பயந்தவர்களின் சண்டை அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுரங்கத்துக்குள் ஒரு படகுதான் போக முடியும். ஒருமுறை நடுவழியில் எதிரெதிரே வந்த இரண்டு படகோட்டிகள் பின்வாங்க மறுத்து நாட்கணக்கில் நின்றார்களாம். கடைசியில் கம்பெனி அதிகாரி ஒரு முனையில் பச்சைச் சோளத்தட்டையை எரித்துப் புகைபோட்டு அவர்களைக் கிளப்பினார் என்று ஒரு கதை உண்டு. மகளுக்கு அந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது. அந்தப் பக்கம் வெளியே வந்தபோது, சுரங்க வாய்க்கு முன்னால் செங்குத்தாக வெட்டிய பள்ளத்தாக்கு. தட்டுத் தட்டாகச் சரியும் பாறை. அதையும் கையால்தான் வெட்டியிருக்கிறார்கள்.

சுரங்கம் கடந்து சிறிது தூரத்தில், பாதையோரத்துப் புதரில், அகல இலைகளுக்கு அடியில் பா பா பழங்கள். இந்தச் சுரங்கத்துக்கும் எதிர்க்கரை ஊருக்கும் பெயர் கொடுத்த பழம். நம் சீத்தாப்பழத்தின் குடும்பம். வெப்ப மண்டலத்தில் வாழும் அந்தக் குடும்பத்தில் குளிர் தாங்கி இவ்வளவு வடக்கே வந்துவிட்ட மரம் இது. மெல்லிய பச்சைத் தோலை உரித்தால் மஞ்சள் சதை, உள்ளே பெரிய பழுப்பு விதைகள். வாழைப்பழமும் மாம்பழமும் கலந்த வாசம். இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அதனால் கடைகளுக்கு வருவதில்லை. கீழே விழுந்து கிடந்த ஒன்றைத் துடைத்துக் கொடுத்தேன். "பாட்டி வீட்டுச் சீத்தாப்பழம் மாதிரியே குழைவா இருக்குப்பா," என்றாள். பழத்தை வழித்துத் தின்றதில் கையெல்லாம் பிசுபிசுப்பு.

கார் சந்திக்கும் இடத்தில் மனைவி கேட்டாள்: "ஏங்க, ரெண்டு பேரும் எங்க போய்ப் புரண்டீங்க?" முந்தின இரவு மழை பெய்திருந்தது. சைக்கிள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சேறு அப்பி, குச்சியால் நோண்டி எடுத்து எடுத்துத்தான் வந்திருந்தோம். அன்று ஹான்காக் வரை காரில் போனோம். நெடுஞ்சாலை 68, சைட்லிங் ஹில் என்ற மலையை 340 அடி ஆழத்துக்கு வெட்டிப் போகிறது. இருபுறமும் பாறையின் அடுக்குகள் வளைந்து வளைந்து தெரிகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் கார் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. சுரங்கத்துக்குள் சைக்கிளை உருட்டி வந்த அன்று அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதவில்லை.

ஹான்காக்கை ஒட்டி இரண்டு பாதைகள் அருகருகே போகின்றன. ஒன்று கால்வாய்க்கரை. இன்னொன்று தார் போட்ட வழவழப்பான சைக்கிள் பாதை. வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் ஓடிய தடம். கால்வாயைத் தாண்டி ஓடிய ரயில்களில் ஒன்றும் காலம் கடந்து கைவிடப்பட்டு, இப்போது சைக்கிளுக்கு வழிவிட்டிருக்கிறது. சேற்றில் களைத்தவர்கள் இதில் ஏறிக்கொள்ளலாம். நாங்களும் ஏறினோம். ஃபோர்ட் ஃப்ரெடரிக் வரை காலுக்கு ஓய்வு.

வில்லியம்ஸ்போர்ட்டில் கால்வாய்க்கு உயிர் வருகிறது. கானகோச்சீக் என்ற ஓடையின் மேல் கால்வாயையே தூக்கிப் போகும் தொட்டிப்பாலம். கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல; ஆனால் இங்கே தொட்டியில் படகே மிதந்தது. மூன்று வளைவுகள் கொண்ட கற்பாலம். 1920-இல் ஒரு படகு போய்க்கொண்டிருந்தபோது பக்கச்சுவர் இடிந்து, தண்ணீரோடு படகும் கீழே ஓடையில் போய் விழுந்தது. மரப்பலகை அடைத்து நான்கு வருடம் ஒப்பேற்றினார்கள். அப்புறம் கால்வாயே மூடிவிட்டது. ஏறக்குறைய நூறு வருடம் வெறும் கல்லாகக் கிடந்த அந்தத் தொட்டியைப் பழுதுபார்த்து 2019-இல் மறுபடி தண்ணீர் விட்டார்கள். அதன் மேல் படகில் போக முடிகிறது. லாக் எண் 44-இன் கதவுகளையும் புதிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கதவுக்கு மேல் நீண்டிருக்கும் மர உத்தரத்தை முதுகால் தள்ளித் திறந்து காட்டுகிறார்கள். முழு உடம்பும் அதற்கு வேண்டியிருக்கிறது.

இந்த ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1834 ஜனவரியில் அயர்லாந்தின் கார்க் பகுதித் தொழிலாளர்களும் லாங்ஃபோர்ட் பகுதித் தொழிலாளர்களும் இங்கே மோதிக்கொண்டார்கள். அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் ராணுவத்தை அனுப்பினார். அமெரிக்காவில் தொழிலாளர் தகராறை அடக்க மத்திய அரசின் படை வந்தது அதுவே முதல்முறை. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்புதான் காலரா வந்து, இதே கால்வாயின் கீழ்ப்பகுதியில் கூலிக்காரர்களை வாரிக்கொண்டு போயிருந்தது.

தொட்டிப்பாலத்தின் மேல் உட்கார்ந்து சப்பாத்தி ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள். "ரயில் ஜெயிச்சிடுச்சு. வெள்ளம் உடைச்சிடுச்சு. நஷ்டம்னு தெரிஞ்சும் ஏன்ப்பா இன்னும் வெச்சிருக்காங்க?"

இந்தப் பயணம் முழுக்க என் மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் அதேதான். 1889 வெள்ளம் கால்வாயைச் சின்னாபின்னமாக்கியது. கம்பெனி திவாலாகி, போட்டிக்காரனான அதே பால்டிமோர் அண்ட் ஓஹையோ ரயிலின் பிடிக்குள் போனது. 1924 வெள்ளத்தோடு படகுகள் நின்றன. 1938-இல் அரசு 20 லட்சம் டாலருக்கு ரயில் கம்பெனியிடமிருந்து வாங்கியது. பொருளாதார மந்தக்காலத்து வேலைவாய்ப்புத் திட்டத்தில் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள் வாஷிங்டன் பக்கத்து 22 மைலைச் சீராக்கினார்கள். ஆயினும் 1942-இல் மறுபடி வெள்ளம். 1950-களில் வந்த யோசனை இது: தூர்ந்துபோன கால்வாயின் மேலேயே கார் போக ஓர் அழகிய சாலை போட்டுவிடலாம். 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது.

அதைப் படித்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை. வில்லியம் டக்ளஸ், உச்ச நீதிமன்ற நீதிபதி. வாஷிங்டனில் இருந்தபோதெல்லாம் இந்தக் கரையில் நடப்பவர். அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தலையங்கம் எழுதியவர் ஒருமுறை என்னோடு முழுக் கால்வாயும் நடந்து வரட்டும், பிறகு எழுதட்டும் என்பது அதன் சாரம். பத்திரிகையாசிரியர்கள் சவாலை ஏற்றார்கள். மார்ச் 20 அன்று கம்பர்லாண்டிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். எட்டாம் நாள் வாஷிங்டன் வந்து சேர்ந்தார்கள். கடைசி வரை ஒவ்வொரு அடியும் நடந்தவர்கள் ஒன்பது பேர். டக்ளஸ் அவர்களில் ஒருவர். வழிநெடுக ஊர்க்காரர்கள் கூடி வரவேற்றார்கள். பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1961-இல் அதிபர் ஐசன்ஹோவர் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். 1971 ஜனவரியில் அதிபர் நிக்சன் கையெழுத்திட, தேசிய வரலாற்றுப் பூங்காவானது.

நீதிபதி ஒரு வழக்கில் இதைச் சாதிக்கவில்லை. வழக்கே இல்லை. எதிர்த்து எழுதியவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், அவ்வளவுதான். ஆற்றையும் ஏரியையும் காப்பாற்றக் கிளம்புகிற எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டிய முறை இது என்று நினைக்கிறேன். மகளிடம் இதை முழுக்கச் சொன்னேன். "அந்த எடிட்டருக்கு கால்ல கொப்புளம் வந்திருக்குமே," என்றாள். வந்தது.

வில்லியம்ஸ்போர்ட்டுக்குக் கீழே, நான்காம் எண் அணைக்கு மேல் சுமார் மூன்று மைல், பாறை அப்படியே ஆற்றுக்குள் இறங்குகிறது. கால்வாய் வெட்ட இடமில்லை. அதனால் அணைகட்டித் தேக்கிய ஆற்றிலேயே படகுகளை விட்டார்கள். கழுதைகள் மலையோரமாக நடந்தன. பிக் ஸ்லாக்வாட்டர் என்று பெயர். 1996 வெள்ளம் அந்தப் பாதையைப் பிய்த்துவிட்டது. பதினாறு வருடம் சைக்கிள்காரர்கள் சாலையில் சுற்றித்தான் போனார்கள். 2012-இல் காங்கிரீட் பாதை போட்டுத் திறந்தார்கள். பயணத்தில் மிக அழகான பகுதி எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வலப்பக்கம் கையெட்டும் தூரத்தில் அசையாத நீர். இடப்பக்கம் தலைக்கு மேல் பாறை. ஒரு பெரிய நீல நாரை நாங்கள் நெருங்கும்வரை நின்று, பிறகு சோம்பலாக எழும்பி, முன்னால் நூறடி பறந்து மறுபடி நின்றது. மறுபடி நெருங்கினோம், மறுபடி எழும்பியது. அப்படியே வெகுதூரம் எங்களுக்கு வழிகாட்டிக்கொண்டு வந்தது.

ஆன்டீட்டம் போர்க்களத்தை மனைவி தனியாகப் பார்த்துவிட்டு வந்தாள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே நாளில் சுமார் 23,000 பேர் இறந்தோ காயம்பட்டோ காணாமலோ போன இடம். அன்று மாலை அவள் அதிகம் பேசவில்லை. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் மூவரும் சேர்ந்து இறங்கினோம். ஷெனண்டோவா ஆறு பொட்டோமாக்கில் கலக்கும் இடம். அடிமை முறையை எதிர்த்து ஜான் பிரவுன் 1859-இல் ஆயுதக்கிடங்கைக் கைப்பற்றிய ஊர். ரயில் பாலத்தோடு ஒட்டிய நடைபாலத்துக்குப் படியேறித்தான் போக வேண்டும். சைக்கிள்களைக் கீழே பூட்டிவிட்டுப் போனோம். ஒரு கட்டடச் சுவரில் ஒவ்வொரு வெள்ளமும் ஏறிய உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1936, 1889, 1942, 1924, 1996. மகள் கையைத் தூக்கிப் பார்த்தாள், எட்டவில்லை.

பாயின்ட் ஆஃப் ராக்ஸில் மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒற்றையடி அளவுதான் இடம். முதலில் யார் போவது என்று கால்வாய்க் கம்பெனியும் ரயில் கம்பெனியும் நீதிமன்றம் போயின. 1832-இல் மேரிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் கால்வாய்ப் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த வழக்கே இரு தரப்புக்கும் வருடங்களைத் தின்றுவிட்டிருந்தது. இன்று அந்த இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றால், பத்தடி தள்ளி நீண்ட சரக்கு ரயில் நிலம் அதிரப் போகிறது. ரயில் இன்னும் வேலை செய்கிறது. அதன் பக்கத்தில் நிழலும் நீரும் ஆமைகளுமாகக் கால்வாயும் இருக்கிறது.

அங்கிருந்து ஆறு மைலில் மொனாக்கசி தொட்டிப்பாலம். கால்வாயிலுள்ள பதினொரு தொட்டிப்பாலங்களில் மிகப் பெரியது. ஏழு வளைவுகள், 516 அடி. பக்கத்திலுள்ள சுகர்லோஃப் மலையின் வெண்கல்லால் 1829 முதல் 1833 வரை கட்டினார்கள். உள்நாட்டுப் போரில் தென்னகப் படை இதை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தது. கல் இடம் கொடுக்கவில்லை. 1972-இல் அக்னெஸ் புயல் வெள்ளம் மோதியபிறகு இரும்புப் பட்டைகளால் கட்டிப் பல வருடம் நிறுத்தி வைத்திருந்தார்கள். 2005-இல் ஒழுங்காகச் செப்பனிட்டார்கள். ஆற்றோரம் இறங்கிக் கீழிருந்து பார்க்க வேண்டும். சாய்ந்த வெயில் பட்டால் அந்தக் கல் இளஞ்சிவப்பாகிறது.

கிரேட் ஃபால்ஸ் பக்கம் கூட்டம் அதிகம்; வாரக்கடைசியில் போகாதீர்கள். பொட்டோமாக் பாறைகளில் இடறி விழுந்து போகும் அந்த இடத்தில், கால்வாய் ஆறு லாக்குகளை அடுத்தடுத்து வைத்து அமைதியாக இறங்கிவிடுகிறது. இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்தால் இதை எதற்காகக் கட்டினார்கள் என்பதற்கு விளக்கமே வேண்டாம். அங்கிருந்து ஜார்ஜ்டவுன் 14 மைல். டக்ளஸின் மார்பளவு சிலை ஜார்ஜ்டவுனில், கால்வாயோரத்தில் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரையிலும் செப்டம்பர், அக்டோபரிலும் போங்கள். பந்தயச் சைக்கிள் உதவாது. அகலமான டயர் வேண்டும். மழைக்கு மறுநாள் பாதி வேகம்தான் வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வழிநெடுக ஐந்தாறு மைலுக்கு ஒரு கூடார இடம், அங்கே கைப்பம்பு; தண்ணீரில் அயோடின் வாசம் இருக்கும், குடிக்கலாம். குளிர்காலத்தில் பம்பு வேலை செய்யாது. மேற்குப் பகுதியில் கடைகள் தொலைவில் தொலைவில்தான். சாப்பாடும் பங்ச்சர் சாமானும் கையில் இருக்கட்டும். பழைய லாக் வீடுகள் சிலவற்றை இரவு தங்க வாடகைக்கு விடுகிறார்கள். முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும். குழந்தைகளோடு போனால் வில்லியம்ஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர், படகு, லாக் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் பா பா போங்கள். ஆளுக்கொரு டார்ச், ஒரு ஜாக்கெட். கைப்பிடியில் விரலை ஓட்டிக்கொண்டே நடங்கள்.